பழைய செடான் காரின் கூரையைத் தாழ்த்தினால் தூண்கள் ஏன் பொருந்துவதில்லை?

1949–51 மெர்க்குரி செடான் காரின் கூரையை நான்கு அங்குலம் தாழ்த்தும்போது, கூரையைத் தாங்கும் தூண்கள் அறுத்தபின் ஏன் நேர்கோட்டில் சேர்வதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முன்தூண் பின்னோக்கியும் பின்தூண் முன்னோக்கியும் சாய்ந்து மேலே செல்லச் செல்ல நெருங்குவதால், தூண்களின் இடையில் ஒரு பட்டையை அறுத்தெடுத்துக் கூரையை இறக்கியதும், கீழே விரிந்து நிற்கும் அடித்தூண்களுக்குக் கூரையின் நீளம் போதாமல் போகிறது. ஆகவே கூரையைக் குறுக்கே வெட்டி, இடையில் தகடு வைத்துப் பற்றவைத்து நீட்டுவார்கள். அல்லது முன்தூணின் அடியில் கீறி, அதைப் பின்னுக்குச் சாய்ப்பார்கள். தூண்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் ஃபோர்டு மாடல் ஏ இந்தத் தொல்லையைத் தராது என்பதால், முதல் முயற்சிக்கு அதுவே உகந்தது என்பேன். எந்த வண்டியானாலும், அறுப்பதற்கு முன்பே உள்ளே இரும்புக் குழாய்களைக் குறுக்காகப் பற்றவைத்துக் கதவு இடைவெளிகள் அசையாதபடி நிறுத்திவிட வேண்டும். பற்றவைப்பையும் ஒரே கோடாக இழுக்காமல், இடம் மாற்றி மாற்றிச் சிறு புள்ளிகளாக வைத்தால்தான் தகடு நெளியாது.