ஸ்டென்ட் வைத்த பிறகும் மாத்திரை எதற்கு?

இதய ரத்தக் குழாய் அடைப்புக்கான சிகிச்சை குறித்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், இதயநோய் மருத்துவரின் பதில்களும்.

கேள்வி: நான் தக்காளி பயிரிடும் விவசாயி, வயது 57. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, ஆஞ்சியோ செய்து, ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆனாலும் தினமும் ஐந்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடைப்புதான் போய்விட்டதே, இத்தனை மாத்திரை எதற்கு? இவற்றைத் தவறாமல் சாப்பிட்டால் மீண்டும் அடைப்பு வராது என்பது உறுதியா?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: முதலில் ஒரு திருத்தம். அடைப்பை யாரும் வெளியே எடுப்பதில்லை. கொழுப்புப் படிவு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது. பலூனை விரித்து அதைக் குழாயின் சுவரோடு அழுத்தி, மீண்டும் உள்ளே சரியாமல் இருக்க ஸ்டென்ட் எனும் உலோக வலையைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்றில் மேல்மண் சரியாமல் இருக்கக் கேசிங் குழாய் இறக்குகிறீர்கள் அல்லவா, ஏறக்குறைய அதே வேலைதான். ஆனால் கேசிங் குழாயை மண் ஒன்றும் செய்வதில்லை. ஸ்டென்ட்டை உடல் அப்படிச் சும்மா விடுவதில்லை.

‘மீண்டும் அடைப்பு’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் வெவ்வேறு ஆபத்துகள் இருக்கின்றன. அவற்றில் மிகவும் அஞ்ச வேண்டியது, ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் திடீரென உறைந்துபோவது. புதிய உலோகம் ரத்தத்தில் பட்டதும், காயத்தை மூட ஓடிவரும் தட்டணுக்கள் அதையும் ஒரு காயமாகவே நினைத்து மொய்க்கின்றன. சில நிமிடங்களில் குழாய் முழுவதும் அடைபட்டு, முதல் மாரடைப்பைவிடக் கடுமையான ஒன்று வரலாம். முதல் மாதத்தில் இந்த ஆபத்து மிக அதிகம். இதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும், அதனோடு குளோபிடோகிரெல், டிகாகிரெலார், பிரசுகிரெல் ஆகிய மூன்றில் ஒன்றும் சேர்த்துத் தரப்படுகின்றன. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இந்த இரட்டை மருந்து பொதுவாக 12 மாதம். மாரடைப்பு இல்லாமல் முன்கூட்டியே திட்டமிட்டு வைத்தவர்களுக்குப் பொதுவாக 6 மாதம். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு மருத்துவரே இதைக் குறைப்பார். அதன் பிறகு ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடர்வது வழக்கம்.

இன்னொன்று, மெதுவாக வருவது. பலூன் விரியும்போது குழாயின் உள்சுவர் கிழிபடுகிறது. அந்தக் காயம் ஆறும்போது தசைச் செல்கள் பெருகி, தழும்பைப் போல உள்நோக்கி வளர்கின்றன. 1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதயக் குழாயில் பலூன் சிகிச்சை செய்த காலத்திலிருந்து மருத்துவர்களை வாட்டிய சிக்கல் இதுதான். பலூன் மட்டும் வைத்து விரித்தபோது மூவரில் ஒருவருக்காவது ஆறு மாதத்துக்குள் குழாய் மறுபடி சுருங்கியது. வெறும் உலோக ஸ்டென்ட் அதைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. விழுங்கும் மருந்துகள் பலவற்றை முயன்று பார்த்தும் பெரிதாகப் பலன் கிட்டவில்லை; மருந்தை அந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தபோதுதான் விடை கிடைத்தது.

அந்த மருந்து வந்த வழி சுவையானது. 1964இல் பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவுக்குச் சென்ற கனடா நாட்டுக் குழு ஒன்று அள்ளிவந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து, இந்திய வம்சாவளியினரான சுரேந்திரநாத் சேகல் உள்ளிட்டோர் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தீவின் உள்ளூர்ப் பெயரான ராபா நூயியை ஒட்டி அதற்கு ராபாமைசின் என்று பெயரிட்டார்கள். சிரோலிமஸ் என்பதும் அதுவே. செல்கள் பிரிந்து பெருகுவதை அது தடுக்கிறது. அதைப் பூசிய ஸ்டென்ட் 2002இல் ஐரோப்பாவிலும் 2003இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இன்று பெரும்பாலும் பொருத்தப்படுபவை சிரோலிமஸோ அதன் வழிவந்த எவரோலிமஸ் போன்றவையோ பூசிய ஸ்டென்ட்டுகளே. பூச்சிலிருந்து மருந்து சில மாதங்களில் கசிந்து தீர்ந்துவிடும். தழும்பு வேகமாக வளரும் காலமும் அதுதான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது, உங்கள் கேள்விக்கான நேரடி விடையும் அதில்தான் இருக்கிறது. தழும்பை வளரவிடாத அதே மருந்து, கம்பிகளின் மேல் இயற்கையான உட்படலம் படர்வதையும் தாமதப்படுத்துகிறது. படலம் மூடாத கம்பி ரத்தத்தில் பட்டுக்கொண்டே இருக்கும். அதுவரை காவல் காப்பவை நீங்கள் விழுங்கும் அந்த இரண்டு மாத்திரைகளே.

வேறொரு குழாயில் புதிதாக அடைப்பு வருவதும் உண்டு. ஸ்டென்ட்டின் நீளம் சில சென்டிமீட்டர். கொழுப்பு படியும் நோயோ குழாய்கள் அனைத்திலும் இருப்பது. அதற்குத்தான் அடோர்வாஸ்டாடின் போன்ற மாத்திரை. ரத்தத்தில் கெட்ட கொழுப்பின் (எல்.டி.எல்.) அளவை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே, முடிந்தால் 55க்கும் கீழே வைத்திருக்க வேண்டும். பரிசோதனையில் அளவு குறைந்துவிட்டது என்று பலர் இதை நிறுத்திவிடுகிறார்கள், குறைந்திருப்பதே மாத்திரையால்தான்.

ஆக, மாத்திரை சாப்பிட்டால் அடைப்பே வராது என்று எழுதித்தர என்னால் முடியாது, குறிப்பாகச் சர்க்கரை நோயும் இருந்தால். சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல முடியும். கடந்த ஐப்பசியில் ஒரு பெரியவர் தம் மாத்திரை அட்டைகளைக் காட்டினார். புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கு உரிய மாத்திரைகள் மட்டும் பிரிக்கப்படாமல் வரிசையாக இருந்தன. வெறும் வயிற்றில் போடக் கூடாது என்பதால் விரத நாளில் விட்டுவிட்டாராம். விரதத்தை நான் குறைசொல்லவில்லை. படையல் முடிந்து இலையில் உட்கார்ந்து எழுந்ததும் போட்டுக்கொள்ளலாமே என்றேன். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

கேள்வி: மார்வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன என் கணவருக்கு அங்கேயே 14 மாத்திரைகளை ஒன்றாக விழுங்கக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அளவுக்கு மீறியது இல்லையா?
(வாசகி, சூளகிரி)

பதில்: இல்லை. 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி கொடுத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, அடோர்வாஸ்டாடின் எட்டு. குளோபிடோகிரெல் கல்லீரலில் மாற்றமடைந்த பிறகே வேலை செய்யும். தினம் ஒன்றாகத் தொடங்கினால் முழுப் பலன் கிடைக்கச் சில நாள்கள் ஆகும். நான்கை ஒன்றாகக் கொடுத்தால் சில மணி நேரத்தில் பலன் தெரியும். நோயாளி நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸில் போகும் நேரத்தையும் மருந்து பயன்படுத்திக்கொள்கிறது. அந்த அளவு ஒருமுறைக்கு மட்டுமே உரியது; மறுநாளிலிருந்து மருத்துவர் எழுதியபடிதான்.

கேள்வி: அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டும். ரத்தம் நிற்காது, ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்கிறார்கள்.
(வாசகி, பர்கூர்)

பதில்: நிறுத்த வேண்டாம். ஒரு பல்லைப் பிடுங்கும்போது வரும் ரத்தத்தைப் பஞ்சை அழுத்திக் கடிப்பதாலும், தேவையானால் ஒரு தையலாலும் நிறுத்திவிடலாம். ஸ்டென்ட்டுக்குள் உறையும் ரத்தத்தை அப்படிச் சமாளிக்க முடியாது. பல் மருத்துவரை உங்கள் இதய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். கண்புரை அறுவைக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும். தள்ளிவைக்கக்கூடிய பெரிய அறுவையாக இருந்தால் தள்ளிவைப்பதே நல்லது.

கேள்வி: இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, தேன் கலந்த கஷாயம் அடைப்பைக் கரைக்குமா?
(வாசகர், அரூர்)

பதில்: கரைக்காது. சமையலில் சேர்க்கும் இஞ்சி, பூண்டால் தீங்கில்லை; இரட்டை மருந்து சாப்பிடுபவர் பூண்டை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தக்கசிவு கூடலாம்.

கேள்வி: டிகாகிரெலார் தொடங்கியதிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது போல இருக்கிறது. நிறுத்திவிடலாமா?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: அந்த மருந்துக்கே உரிய பக்கவிளைவு அது, பலருக்குச் சில நாள்களில் தானாக அடங்கிவிடும். ஆனால் இதயம் பலவீனமானாலும் மூச்சு வாங்கும் என்பதால் ஒருமுறை நேரில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது: அதன் வேலை விரைவாகத் தீர்ந்துவிடும், அதனால்தான் நாளுக்கு இரண்டு வேளை. தேவைப்பட்டால் மருத்துவர் குளோபிடோகிரெலுக்கு மாற்றுவார். அப்படி மாறினால், வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல் சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். அது குளோபிடோகிரெலின் வீரியத்தைக் குறைக்கும், பேன்டோபிரசோல் பரவாயில்லை. மாற்றும் நாளில் முதல் வேளைக்கு எத்தனை மாத்திரை என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.