ஆஸ்டினின் நிலவொளிக் கோபுரங்களும் உடைந்த அணையும்

கேள்வி: வேகமாக வளர்ந்துவரும் அமெரிக்க நகரம் ஒன்றில் நீங்கள் வசிப்பவரானால், அந்த ஊரின் பழைய கதைகளில் எதை முதலில் சொல்வீர்கள்?

நான் வசிப்பது டெக்சஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில். 1890இல் ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த இவ்வூரின் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்போது 9.6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவ்வூர்க்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஏஞ்சலினா எபர்லியின் கதையைத்தான் சொல்வார்கள். 1842இல் அரசு ஆவணங்களை இரவோடு இரவாக வேறு ஊருக்குக் கொண்டுபோக வந்தவர்களைப் பார்த்து, விடுதி நடத்திவந்த இந்தப் பெண்மணி பீரங்கியை வெடித்து ஊரை எழுப்பிவிட்டார். நல்ல கதைதான்; காங்கிரஸ் அவென்யூவில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. ஆயினும் நான் முதலில் சொல்ல விரும்புவது, இரவில் தெருக்களுக்கு வெளிச்சம் தர எழுப்பப்பட்ட நிலவொளிக் கோபுரங்களைப் பற்றி. ஊரார் சொல்லும் கதையும் நடந்த வரலாறும் அங்கே இருவேறு திசைகளில் போகின்றன.

41ஆம் தெருவும் ஸ்பீட்வேயும் சந்திக்கும் முனையில் நின்று அண்ணாந்து பார்த்தால், வீடுகளுக்கும் மரங்களுக்கும் மேலே 165 அடி உயரத்தில் விளக்குகள் வட்டமாக எரிவதைக் காணலாம். கோபுரம் முழுவதும் கீழே ஒற்றைக் கம்பத்தின்மேல் நிற்கிறது. அதற்கு மேல் மூன்று பக்கங்கள் கொண்ட இரும்புக் கூண்டு ஒரே அகலமாக உயர்ந்துகொண்டே போக, அது சாயாதபடி நாற்புறமும் இழுகம்பிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 1894-95இல் இப்படி 31 கோபுரங்கள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஆறு கார்பன் வில்விளக்குகள், அதாவது இரு கார்பன் குச்சிகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் விளக்குகள், இருந்தன. கார்பன் குச்சிகள் எரிந்து தேய்ந்துவிடும் என்பதால், பணியாளர் ஒருவர் கூண்டுக்குள் இருந்த சிறிய தூக்கியில் நின்று உச்சிவரை ஏறி அவற்றை மாற்றிவர வேண்டியிருந்தது. இரவு முழுவதும் வெளிச்சம் இருந்தால் சோளம் ஓயாமல் வளர்ந்துவிடும், கோழிகள் உறங்காமல் முட்டையிடும் என்று அக்காலத்தில் சிலர் கவலைப்பட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. அதை நான் பாதிதான் நம்புகிறேன்.

இந்த ஊருக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் எனக்கு இக்கோபுரங்களின் பின்னணியை விளக்கினார். 1884 இறுதியிலும் 1885லும் இங்கே எட்டுப் பேர் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், கொலையாளி பிடிபடாததால் அஞ்சிய நகரம் இருளை விரட்ட இக்கோபுரங்களை எழுப்பியது என்றும் அவர் சொன்னார். கொலைகள் நடந்தது உண்மை. கொலையாளி யாரென்று இன்றுவரை தெரியாததும் உண்மை. ஆனால் கடைசிக் கொலைக்கும் முதல் கோபுரத்துக்கும் இடையே சுமார் ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அச்சத்தில் விளக்கேற்றும் ஊர் அத்தனை காலம் காத்திருக்காது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலை செய்துவந்த கறுப்பினப் பெண்கள். அவர்களுடைய மரணத்தை விளக்குக் கம்பத்துக்கு முன்கதையாக மட்டும் சொல்வது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கோபுரங்கள் எழுந்ததற்கான உண்மையான காரணம் ஆற்றில் இருக்கிறது. இங்கே ஓடும் கொலராடோ, கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கைக் குடைந்த அந்தக் கொலராடோ அன்று. டெக்சஸிலேயே பிறந்து கடலில் கலக்கும் வேறொரு நதி. அதன் குறுக்கே அணை கட்டினால் நீர்விசையை நம்பி ஆலைகள் வரும், ஊர் தொழில்நகரமாகும் என்று 1888இல் அலெக்சாண்டர் வூல்ட்ரிட்ஜ் என்னும் வங்கியாளர் எழுதினார். அந்த ஆசையை முன்வைத்தே ஜான் மெக்டொனால்ட் மேயரானார். நகரம் 14 லட்சம் டாலர் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் அளித்தது. கருங்கல் அணை 1893இல் முடிந்தது. எதிர்பார்த்த ஆலைகள் வரவில்லை, மின்சாரம் வந்தது. அதைச் செலவிடக் கிடைத்த வழிகளில் ஒன்றுதான் இந்தச் செயற்கை நிலவு.

அந்த நிலவும் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே நீர்த்தேக்கத்தின் ஏறக்குறைய பாதி வண்டலால் நிரம்பிவிட்டது. அணையின் அடியிலிருந்த சுண்ணாம்புப் பாறையும் பலவீனமானது. 1900 ஏப்ரல் 7ஆம் நாள், பெருமழைக்குப் பின் அணையின் தலைக்கு மேலே 11 அடி உயரத்துக்கு வெள்ளம் பாய்ந்தபோது நடுப்பகுதி பிளந்தது. மின்நிலையத்தில் இருந்தவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். கோபுரங்கள் இருண்டன. மீண்டும் கட்ட எடுத்த முயற்சியை 1915 வெள்ளம் குலைத்தது. இப்போதுள்ள டாம் மில்லர் அணை, பழைய அணையின் எச்சங்களையும் உள்ளடக்கி 1940இல்தான் முழுமை பெற்றது.

கோபுரங்களில் பாதிக்கு மேல் இன்று இல்லை. எஞ்சியவை 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றன. ஜில்கர் பூங்காவில் உள்ள ஒன்றுக்கு 1967 முதல் டிசம்பர்தோறும் உச்சியிலிருந்து வண்ண விளக்குச் சரங்களைக் கட்டிக் கிறிஸ்துமஸ் மரமாக்குகிறார்கள்.

ஆஸ்டினுக்கு வருபவர்களை நான் அங்கே அழைத்துச் செல்வேன். ஆனால் அதற்கு முன் டாம் மில்லர் அணைக்குச் சற்றுக் கீழே உள்ள ரெட் பட் தீவுக்குக் கூட்டிப்போவேன். உடைந்த அணையின் இடிபாடுகள் தேங்கி உருவான திட்டு அது. இப்போது நாய்களைக் கட்டவிழ்த்துவிடும் பூங்கா. நனைந்த நாய்கள் ஏறி உடம்பை உதறிக்கொள்ளும் பெரிய கற்களைக் காட்டி, மேயர் மெக்டொனால்டின் அணையைப் பற்றி அங்கே நின்றுதான் சொல்லத் தொடங்குவேன்.