மேல்மாடிக்கு முன் கீழ்மாடி

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் 2006இல் கட்டிய ஒரு மாடி வீடு எங்களுடையது. மேலே இரண்டு மாடி எழுப்பி, கீழே முன்பக்கச் சுவர்களை எடுத்துக் கடைகளாக வாடகைக்கு விட யோசிக்கிறோம். மியன்மார் நிலநடுக்கத்தில் பாங்கொக்கில் கட்டடம் சரிந்ததைப் பார்த்த நாளிலிருந்து அம்மா வேண்டாம் என்கிறார். தூணுக்கு இன்னும் இரண்டு கம்பி போட்டால் போதும் என்கிறார் மேசன். யார் சொல்வது சரி?

பதில்: நான் அம்மா பக்கம். ஆனால் அவர் பயப்படும் காரணம் வேறு, என் காரணம் வேறு.

இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை. 2004இல் சுமாத்ராவில் 9.1 அளவில் நிலம் குலுங்கியபோதும் திருகோணமலையை அழித்தது கடல்தான், அதிர்வு அல்ல. 2018 செப்டெம்பரில் இங்கே உணரப்பட்ட அதிர்வும் 4ஐத் தொடவில்லை. பாங்கொக்கில் 2025 மார்ச் 28 அன்று விழுந்தது, கட்டி முடியாத முப்பது மாடிக் கட்டடம். ஆயிரம் கிலோமீற்றர் தாண்டி வரும், மெதுவாக அசைக்கும் அலைகள் உயரமான கட்டடங்களைத்தான் அதிகம் ஆட்டும், அதிலும் அந்த நகரம் இருப்பது மென்மையான களிமண்ணில். உங்கள் மூன்று மாடிக்கு அந்தக் கதை பொருந்தாது.

பொருந்துவது அகமதாபாத். 2001 ஜனவரி 26இல் குஜராத்தின் பூஜ் பக்கம் நிலம் குலுங்க, இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால் அங்கே அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கீழே வாகனம் நிறுத்தத் திறந்து விட்டவை. மேல்மாடிகளில் அறைக்கு அறை சுவர் இருப்பதால் அவை ஒரு பெட்டி போல விறைத்து நிற்கும். கீழே வெறும் தூண்கள்தான். அசைவு முழுவதும் அந்தத் தூண்களின் தலையிலும் காலிலும் வந்து விழும். நீங்கள் கட்ட நினைப்பதும் அச்சொட்டாக அதே அமைப்புத்தான்.

இன்னொன்று. சுனாமிக்குப் பின் அவசரமாக எழுந்த பல ஒரு மாடி வீடுகளில் பாரம் தாங்குவது சீமெந்துக்கல் சுவர்கள்தான். மூலைகளில் தெரியும் ஒல்லித் தூண்கள் சுவரைப் பிணைத்து வைக்க மட்டுமே. உங்களுடையதும் அப்படியென்றால், அந்தச் சுவரை எடுத்தபின் வீடு விழ நில அதிர்வே தேவையில்லை, மேலே ஊற்றும் சிலாப்பின் பாரமே போதும்.

சரி, மேசனின் இரண்டு கம்பி? நெடுங்கம்பியைக் கூட்டுவதைவிட அதைச் சுற்றிக் கட்டும் ரிங்தான் முக்கியம். ரிங்கின் முனையை வெறும் மூலைமட்டமாக (90 பாகை) மடித்து விட்டால், குலுக்கலில் வெளிக் கொங்கிறீட் உதிர்ந்ததும் அது விரிந்துவிடும், கம்பி வெளியே பிதுங்கும். முனையை 135 பாகைக்கு, தூணின் உட்புறம் நோக்கி, மூன்று அங்குலமாவது நீட்டி மடிக்க வேண்டும். தூணின் மேல், கீழ் முனைகளில் நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக ரிங் வர வேண்டும். கம்பி பிடிப்பவர்கள் முறுமுறுப்பார்கள், மடிக்கக் கை நோகும் வேலை அது.

மேல்மாடி ஆசையில் மொட்டைமாடியில் விட்ட கம்பிகள் உங்களிடமும் இருக்கும். கடற்காற்றில் இத்தனை வருடம் நின்றவை. துருப்பிடித்துச் செதிலாக உரிகிறதென்றால் அதில் புதுக்கம்பியைத் தொடுத்துக் கட்டாதீர்கள்.

முதலில் ஒரு பட்டயப் (சார்ட்டர்ட்) பொறியியலாளரைக் கூட்டிவந்து, அத்திவாரத்தின் ஓரத்தில் ஒரு குழி தோண்டிக் காட்டுங்கள். உவர்மலைப் பாறையில் நிற்கும் வீடும் உங்கள் கரையோர மணலில் நிற்கும் வீடும் ஒன்றல்ல. அத்திவாரம் மேலும் இரண்டு மாடி தாங்காது என்று அவர் சொன்னால் மேலே தகரக் கூரையோடு ஒரு மாடி போதும். கடை வேண்டுமானால் முற்றத்தில் தனி அத்திவாரத்தில், பழைய வீட்டோடு ஒட்டாமல், இடைவெளி விட்டுக் கட்டலாம். எப்படிக் கட்டினாலும், பலகை அடிக்க முன் ஒவ்வொரு தூணின் ரிங்கையும் போனில் படம் எடுத்துப் பொறியியலாளருக்கு அனுப்புங்கள். கொங்கிறீட் ஊற்றிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.