ஆண் ஹார்மோன் பரிசோதனை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 43. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். சில மாதங்களாக உடம்பெல்லாம் அசதி. இல்லற நாட்டமும் குறைந்துவிட்டது. கடலில் இரவைக் கழித்துக் கரை திரும்பியதும், டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு, 11 மணி வாக்கில் லேபில் ரத்தம் கொடுத்தேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 248 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?
வாசகர், பாம்பன்

பதில்: இப்போது வேண்டாம். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உங்களுக்குக் குறைபாடு உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது. இந்த ஹார்மோன் தூக்கத்தின்போது அதிகம் சுரந்து, கண் விழிக்கும் வேளையில் உச்சத்தில் இருந்து, பொழுது ஏற ஏறக் குறைவது. சர்க்கரை போட்ட டீயும் பலகாரமும் உள்ளே போனால் அடுத்த சில மணி நேரத்துக்கு அது மேலும் இறங்கும். இரவெல்லாம் வலை இழுத்தவருக்கு உச்சத்துக்குக் காரணமான தூக்கமே கிடைத்திருக்காது. நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களை ஒரு வாரம் இரவில் 5 மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டு சிகாகோவில் நடத்திய ஆய்வில், பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்ததாக 2011இல் வெளியிட்டார்கள். உங்கள் தொழிலில் 5 மணி நேரத் தூக்கம் என்பதே பல நாட்களில் கிடைக்காத ஒன்று.

ஆகவே, கடலுக்குப் போகாமல் தொடர்ந்து சில இரவுகள் வீட்டில் நன்றாகத் தூங்கிய பிறகு, வெறும் வயிற்றில், காலை 10 மணிக்குள் ரத்தம் கொடுங்கள். காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும்போது கொடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்கு வசதியானது என்றாலும் அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று கொள்ளும் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம்கூட, வெவ்வேறு நாட்களில் இரண்டு காலைப் பரிசோதனைகளும், அவற்றோடு அறிகுறிகளும் ஒத்துப்போக வேண்டும் என்றே சொல்கிறது.

இரண்டு முறையும் குறைவாக வந்தால், ஊசிக்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரண்டு ஹார்மோன்கள் அதிகமாக இருந்தால் கோளாறு விதைப்பையில் இருக்கிறது என்று பொருள். வயது வந்த பிறகு வந்த பொன்னுக்கு வீங்கிகூட இதற்குக் காரணமாகலாம். அவை உயராமல் இருந்தால், அவற்றை அனுப்பும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைப் பார்க்க வேண்டும். அதற்குப் புரோலாக்டின் என்னும் பிட்யூட்டரி ஹார்மோனின் பரிசோதனையும், சில சமயம் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தேவைப்படும். சுகர், தைராய்டு, ரத்தசோகை ஆகியவையும் இதே அசதியைத் தரக்கூடியவை. உறக்கத்தில் பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் திணறலும் உண்டா என்று வீட்டாரிடம் கேளுங்கள்; அவையும் தூக்கத்தைக் கெடுத்து அசதி தரும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவுக்குப் போய், படகு நேரத்தையும் தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டே ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன், வயது 33. திருமணமாகி மூன்று ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. விந்தணு கூடுவதற்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார் ஜிம்மில் பழக்கமான நண்பர். விடுப்பு முடிவதற்குள் போட்டுக்கொள்ளலாமா?
வாசகர், கீழக்கரை

பதில்: தயவுசெய்து போட்டுக்கொள்ளாதீர்கள். நீங்கள் விரும்புவதற்கு நேர் எதிரானதை அந்த ஊசி செய்யும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. அது அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இல்லாமல் விதைப்பையில் விந்தணு உருவாவதும் நின்றுபோகிறது. ரத்தத்தில் ஹார்மோன் நிறைந்திருக்கும். அது உண்மையில் தேவைப்படும் விதைப்பைக்குள் வறண்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்ட நல்ல உடல்நலமுள்ள ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதங்களுக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு மீண்டும் வரும்தான். ஆனால் அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

துபாய் திரும்பும் முன் நீங்கள் செய்ய வேண்டியது விந்துப் பரிசோதனை. அதற்கு முன் 2 முதல் 7 நாட்கள் உறவைத் தவிர்த்திருக்க வேண்டும். அதே வாரத்தில் உங்கள் மனைவிக்கும் பரிசோதனை நடக்கட்டும். ஒருவருக்கு முடித்துவிட்டு மற்றவரைப் பார்ப்பதில், விடுப்பில் வரும் தம்பதியருக்கு வருடங்கள் வீணாகின்றன. ஹார்மோன் உண்மையிலேயே குறைவாக இருந்தாலும், விந்தணுவைக் கெடுக்காமல் உடலையே சுரக்கத் தூண்டும் மருந்துகள் உண்டு. அவற்றைச் சிறப்பு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு வயது 58. இரண்டு முறை பரிசோதித்துக் குறைவு உறுதியான பிறகு ஓராண்டாக இந்த ஊசி போடுகிறார். தெம்பு வந்திருக்கிறது, ஆனால் முகம் சிவந்து, தலை பாரமாக இருப்பதாகச் சொல்கிறார். இதய நோய் வருமோ என்று பயமாக இருக்கிறது.
வாசகி, தொண்டி

பதில்: அடுத்த ஊசிக்கு முன் அவருக்கு ஹீமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பரிசோதனை செய்யுங்கள் அம்மா. இந்த மருந்து சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும். அளவு 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைத்து, இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்க வேண்டும். ரத்த அழுத்தமும், புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனையும் பார்க்கப்பட வேண்டும். இதயத்தைப் பொறுத்தவரை, இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 5,200க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புச் சீர்கேடும் நுரையீரலில் ரத்தக்கட்டும் சற்று அதிகமாக இருந்தன. திடீரென மூச்சு வாங்கினாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கடல் குதிரை, கடல் அட்டைப் பொடி சாப்பிட்டால் ஆண் ஹார்மோன் கூடுமா?
வாசகர், மண்டபம்

பதில்: கூடும் என்பதற்கு மனிதர்களிடம் நம்பத்தகுந்த சான்று இல்லை. இவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள்; பிடிப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இப்படி விற்கப்படும் சில பொடிகளில், விறைப்புக் குறைபாட்டுக்குத் தரும் சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை கலந்திருப்பதுண்டு. உடனே பலன் தெரிந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவர் அறியாமல் அதைச் சாப்பிட்டால், ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.