சுவத்துல உப்பு பூத்திருக்கா பாருங்க: வாசகர் கேள்விகள்

கேள்வி: பாஸ்டன் பக்கம் வீடு தேடிட்டு இருக்கேன்னு முன்ன எழுதியிருந்தீங்களே சார், கிடைச்சுதா? அங்க வில்லங்கம் எல்லாம் யாரு பாக்கறது? (கோவை வாசகர்)

கிடைச்சிடுச்சு சார், ஏழாவது வீடு. முன்னாடி ஆறுக்கு ஆஃபர் போட்டோம், அதுல அஞ்சு அவங்க வேண்டாம்னது, ஒண்ணு நாங்க வேண்டாம்னது. சனி ஞாயிறுல ஓபன் ஹவுஸ் வெப்பாங்க, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம், அவனவன் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயி பாத்ரூம் குழாயைத் திருகிப் பாத்துட்டு வருவான், திங்கட்கிழமை சாயந்தரத்துக்குள்ள ஆஃபர் குடுக்கணும், கேட்ட விலைக்கு மேல நாப்பதாயிரம் டாலர் ஏத்திக் குடுத்தும் ஒரு வீடு போச்சு, ஏன்னா வேற ஒருத்தர் லோனே இல்லாம முழுப் பணத்தோட வந்துட்டாராம்.

நாங்க வேண்டாம்னு விட்ட வீடு இருக்கே, அதைத்தான் சொல்லணும். எல்லாருக்கும் புடிச்சுப் போச்சு, தரைக்குக் கீழ இருக்கற பேஸ்மென்ட் முழுக்க புது வெள்ளை பெயின்ட், பளபளன்னு இருந்துது. வாங்கறதுக்கு முன்னாடி வீட்டைச் சோதிச்சுச் சொல்ற இன்ஸ்பெக்டர் வந்தாரு, ஒண்ணும் பேசல, குத்துக்கால் போட்டு உக்காந்து சுவத்தோட அடிப்பக்கம் நகத்தால லேசா சுரண்டினாரு. பெயின்ட் செதிலா வந்துது, உள்ள பொடிப்பொடியா உப்பு! நம்ம ஊர்ல சுவர் உப்பு பூக்குதுன்னு சொல்லுவோமே அதே சமாச்சாரம், மழைக்கு மழை தண்ணி உள்ள இறங்குதுன்னு அர்த்தம். அன்னிக்கு அவருக்குக் குடுத்த அறுநூறு டாலர் மாதிரி நல்ல செலவு நான் வாழ்க்கையில பண்ணதில்ல. போட்டி ஜாஸ்தின்னு இன்ஸ்பெக்ஷனே வேண்டாம்னு எழுதிக் குடுத்து வாங்கினவங்க இருக்காங்க. அது தப்பு, யாரு சொன்னாலும் கேக்காதீங்க.

வில்லங்கத்துக்கு வருவோம். பாஸ்டன் இருக்கற மாசசூசெட்ஸ் மாநிலத்துல வக்கீல்தான் பாப்பாரு. நம்ம ஊர் பத்திரப் பதிவு ஆபீஸ் மாதிரி ரெஜிஸ்ட்ரி ஆஃப் டீட்ஸ்னு ஒரு ஆபீஸ் இருக்கு, அந்த ரெக்கார்டெல்லாம் ஆன்லைன்லயே யாரு வேணா பாக்கலாம், சுமார் 50 வருஷக் கதையைத் தோண்டிடுவாங்க. அதுக்கு மேல டைட்டில் இன்ஷூரன்ஸ்னு ஒண்ணு, ஒரே தடவை கட்டினா போதும், நாளைக்கு எவனாவது பாட்டன் சொத்துன்னு வந்து நின்னா கம்பெனி பாத்துக்கும்.

கேள்வி: 30 வருஷக் கடன்ங்கறாங்களே, பயமா இல்லையா? (விருதுநகர் வாசகி)

இருக்கும்மா. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க, அஞ்சு லட்சம் டாலர் கடன், ஆறரை பர்சென்ட் வட்டி, 30 வருஷம்னா மாசத் தவணை சுமார் 3,160 டாலர் வருது. அதுல மொத மாசம் அசல்ல கழியறது வெறும் 450 சொச்சம், மிச்சம் 2,708 வட்டி! இதே லோனை 2021ல வாங்கினவங்களுக்கு மூணு பர்சென்ட்டுக்கும் கீழ கிடைச்சுது, அப்படி வாங்கின நண்பன் ஒருத்தன் இருக்கான், அவன்கூட இந்த விஷயம் மட்டும் பேசறதில்ல. ஒரு நல்லது என்னன்னா ஃபிக்ஸட் ரேட்டுன்னா கடைசி வரைக்கும் அதேதான், பின்னாடி வட்டி இறங்கினா புதுக் கடன் வாங்கிப் பழசை அடைச்சு ரீஃபைனான்ஸ் பண்ணிக்கலாம். கையிலேர்ந்து 20 பர்சென்ட் போட முடியலன்னா பேங்க்காரன் சேஃப்டிக்காக நம்ம காசுலயே ஒரு இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லுவான், கடன் வீட்டு விலையில 80 பர்சென்ட்டுக்கு வந்ததும் நிறுத்துன்னு எழுதிக் கேக்கலாம், நாமளா கேக்கணும். சும்மா இருந்தா 78க்கு வர்ற வரைக்கும் புடிப்பாங்க.

கேள்வி: கிரிக்கெட் பாத்து வளந்த ஆளு பேஸ்பால் எப்படி சார் பாக்கறீங்க? எனக்கு அஞ்சு நிமிஷத்துல கொட்டாவி வந்துடுது. (திருச்சி வாசகர்)

எனக்கு மொத ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்துது. எல்லாப் பாலும் ஃபுல் டாஸ், இதுல என்னடா அடிக்கத் தெரியலன்னு திட்டுவேன். அப்புறம் ஒரு நாள் பாஸ்டன்ல இருக்கற ஃபென்வே பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க, 1912ல திறந்த மைதானம், டைட்டானிக் முழுகி அஞ்சாவது நாள் திறந்தது. எங்க சீட்டுக்கு முன்னாடி ஒரு இரும்புத் தூண், பாதி ஆட்டத்தைக் கழுத்தைச் சாச்சுத்தான் பாத்தேன். இடது பக்கம் 37 அடி உசரத்துக்குப் பச்சைச் சுவர், அதோட அடியில இருக்கற ஸ்கோர் போர்டுல இன்னிக்கும் ஆளு கையாலதான் நம்பர் மாத்தறாங்க.

அங்க ஒரு பெரியவர்தான் புரிய வெச்சாரு, பத்துக்கு மூணு அடிச்சாலே இங்க பெரிய ஆளுன்னு. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக்னு ரெண்டு லீக்லயும் பாத்தா, பத்துக்கு நாலு அடிச்சு ஒரு சீசனை முடிச்ச கடைசி ஆளு டெட் வில்லியம்ஸ், பாஸ்டன் டீம்காரர், 1941ல. கடைசி நாள் காலையில அவரு சராசரி .39955, ரவுண்டு பண்ணா .400, அதாவது பத்துக்கு நாலு, உக்காந்திருந்தாலே ரெக்கார்டு கையில. மனுஷன் அன்னிக்கு ரெண்டு மேட்ச்சும் ஆடினாரு, எட்டுக்கு ஆறு, .406ல முடிச்சாரு. இதைக் கேட்டப்புறம் எனக்குக் கொட்டாவி வர்றதில்ல. (வீட்டு விஷயத்துல நம்ம சராசரி ஏழுக்கு ஒண்ணு, டீம்லயே சேத்திருக்க மாட்டாங்கன்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க.)

நீங்க ஆரம்பிக்கறதுன்னா இப்ப ஆரம்பிங்க. 2023லேர்ந்து பிட்ச் கிளாக் வந்திருக்கு, பேஸ்ல (அடிச்சுட்டு ஓடிப் போயி நிக்கற இடம்) ஆள் இல்லாதப்ப 15 செகண்டுக்குள்ள பிட்சர், அதாவது பந்து எறியறவர், எறிஞ்சாகணும், அதனால ஆட்டம் முன்னைக்கு இப்ப அரை மணி நேரம் போல கம்மியாயிடுச்சு.

கேள்வி: பேஸ்பால் படம், புக்கு ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன். (சேலம் கல்லூரி மாணவி)

'மணிபால்'. புக்கு 2003, மைக்கேல் லூயிஸ் எழுதினது, பிராட் பிட் நடிச்ச படம் 2011. காசில்லாத ஓக்லண்ட் டீம், மத்தவங்க ஒதுக்கின ஆளுங்களைக் கணக்குப் போட்டு எடுத்து 2002ல தொடர்ந்து 20 மேட்ச் ஜெயிச்ச கதை. படத்தை மொதல்ல பாத்துட்டு அப்புறம் புக்கைப் படிங்க, என் கட்சி அதுதான், ஏன்னா கணக்கெல்லாம் புக்குலதான் இருக்கு. அந்த இருபதாவது மேட்ச்சுல 11–0ன்னு முன்னாடி இருந்து 11–11ல வந்து நின்னு கடைசியில நம்ம சிக்ஸர் மாதிரி ஒரே ஹோம் ரன்ல ஜெயிச்சாங்க, சினிமாவுக்காக எழுதினதுன்னு நெனச்சேன், நெஜமாவே நடந்தது. அந்தப் படத்து ஹீரோ, ஓக்லண்ட் டீமோட ஜெனரல் மேனேஜர் பில்லி பீனை பாஸ்டன் டீம் பெரிய சம்பளம் சொல்லிக் கூப்பிட்டுச்சு, வரலன்னுட்டாரு. பாஸ்டன் அதே கணக்கு வழியில போயி 2004ல கப் வாங்கிச்சு, 86 வருஷம் கழிச்சு. ஓக்லண்ட்ல இப்ப அந்த டீமே இல்ல, 2024ஓட ஊரைக் காலி பண்ணிட்டாங்க.

லேசா ஒண்ணு வேணும்னா 2014ல வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்'. உத்தரப்பிரதேசத்துலேர்ந்து ஈட்டி எறியற ரெண்டு பசங்க, ரிங்கு சிங், தினேஷ் படேல், பேஸ்பாலைத் தொட்டே பாக்காதவங்க 2008ல பிட்ஸ்பர்க் டீம்ல கையெழுத்துப் போட்டாங்க. மியூசிக் நம்ம ரஹ்மான். படம் சுமார்தான், அவங்களைக் கூட்டிட்டுப் போன ஏஜென்ட்டைப் பத்தித்தான் ஜாஸ்தி, பசங்களைப் பத்திக் கம்மி.

கேள்வி: இப்ப என்ன படிக்கறீங்க? (ஈரோடு வாசகர்)

அட்டைப் பெட்டி மேல எழுதியிருக்கறதை. புக்கெல்லாம் இன்னும் பிரிக்கல.

கேள்வி: கிரகப்பிரவேசம் பண்ணீங்களா? (மயிலாடுதுறை வாசகி)

பால் காச்சினோம். பால் பொங்கி அடுப்புல வழிஞ்சு தீய, அந்த நேரம் பாத்து கற்பூரமும் ஏத்த, வீட்ல இருக்கற அத்தனை ஸ்மோக் அலாரமும் ஒண்ணாக் கத்த ஆரம்பிச்சுடுச்சு. நான் ஸ்டூல் மேல ஏறி டவலால விசிறிட்டு இருக்கேன், கதவைத் தட்டறாங்க, பக்கத்து வீட்டுப் பெரியவர், பாஸ்டன் பேஸ்பால் டீம் ரெட் சாக்ஸோட தொப்பியைப் போட்டுக்கிட்டு, கையில தீயணைக்கிற சிலிண்டர். விஷயத்தைச் சொல்லி சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் பால் குடுத்தோம். நின்னுட்டே குடிச்சுட்டு, உங்க வீட்டு டிவில மேட்ச் வருதான்னு கேட்டாரு.