அண்ணாவின் மனநல மதிப்பீடு பற்றி

வணக்கம் தங்கச்சி. இரண்டு நேர்காணல்களிலும் தேதிகள் ஒத்துப்போகவில்லை என்று அண்ணாவின் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள், வழக்கறிஞர் மனநல மதிப்பீட்டுக்குப் போகச் சொல்கிறார், அவரோ "நான் பைத்தியமில்லை" என்று மறுக்கிறார் என எழுதியிருந்தீர்கள். நான் லண்டனில் இப்படியான சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்வருகிறவள்.

இது பைத்தியமா என்று பார்க்கிற சோதனையே இல்லை. 1999இல் வந்து 2022இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறைப்படி (சித்திரவதையை மருத்துவர்கள் எப்படி ஆராய்ந்து எழுத வேண்டும் என்ற ஐ.நா. வழிகாட்டி), அவர் சொல்வதும் உடம்பிலும் மனதிலும் தெரிவதும் எவ்வளவு பொருந்துகின்றன என்று மருத்துவர் எழுதுவார். சித்திரவதைக்குப் பிறகு தேதி குழம்புவதும் சில பகுதிகள் மறந்தே போவதும் வழக்கம்தான், அதையும் அந்த அறிக்கையில் விளக்கலாம். இலங்கைத் தமிழர் ஒருவரின் முதுகுத் தழும்பு வழக்கில் 2019இல் இங்குள்ள உச்ச நீதிமன்றம், தழும்பு அவர் சொல்வதோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மருத்துவர் கருத்துச் சொல்லலாம் எனத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஒருமுறை வந்தவர் கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தார். மருத்துவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அப்புறம்தான் பேச்சே தொடங்கியது.

நீங்கள் உள்ளே கூட இருக்க வேண்டாம். தங்கை முன்னால் சொல்ல முடியாத கொடுமைகள் ஆண்களுக்கும் நடந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், இடையில் நிறுத்தவும் அண்ணாவுக்கு உரிமை உண்டு. அன்று இரவு தூக்கம் வராமல் போகலாம், மறுநாள் வேலைக்கு லீவு போடச் சொல்லுங்கள்.