பனை உச்சியில் நிற்பவர் எதைப் பார்ப்பார்?

கேள்வி: உவமை, குறியீடு, முன்குறிப்பு, முடிவில் திருப்பம் என்று படித்துத் தெரிந்துகொண்ட உத்திகள் எல்லாவற்றையும் கையாண்டு, உடன்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவரைப் பற்றிச் சிறுகதை எழுதி அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. இன்னும் எந்த உத்தி குறைகிறது? நல்ல கதைக்குத் தேவையான உத்திகளைப் பட்டியலிட்டுச் சொல்வீர்களா? உரையாடலை நெல்லை வழக்கில் எழுதியது தவறா?
— வாசகர் ஒருவர், வீரவநல்லூர்

பதில்: பட்டியல் தரமாட்டேன். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கதை திரும்பி வந்ததற்கு அதுதான் காரணம். பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து அந்த மனிதர்மேல் ஏற்றியிருக்கிறீர்கள். அவருடைய பிழைப்பிலிருந்து ஓர் உத்திகூட முளைக்கவில்லை.

முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். விடியும் நேரத்தில் பனை உச்சியில் நிற்கிறார். கிழக்கே சூரியன் ‘பட்டுச்சேலைச் சரிகைபோல’ மின்னுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கால்களில் தளைநார் மாட்டி, இடுப்பில் அரிவாள் பெட்டி தொங்க, ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு பாளை சீவுகிறவருக்கா சரிகை நினைவுக்கு வரும்? அவருக்குச் சூரியன் ஒரு கெடு. வெயில் ஏறுவதற்குள் இன்னும் எத்தனை மரம் பாக்கி என்பதுதான் அவர் கணக்கு. சரிகையைக் கண்டது தரையில் நின்ற நீங்கள். அவர் கண் வழியாகக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டு, முதல் பத்தியிலேயே அவரைத் தள்ளிவிட்டு நீங்கள் பார்க்கிறீர்கள்.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள். கபிலர் பாடியது. ஐந்தே அடிகள். தலைவன் தன்னைக் கூடியபோது யாருமே இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி தோழியிடம் கலங்குகிறாள். ஒரு குருகுப் பறவை மட்டும் இருந்தது என்கிறாள். ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால’ என்று அதன் காலைச் சொல்கிறாள். தினைப்புனம் காக்கும் குறிஞ்சி நிலத்துப் பெண்ணுக்கு, மெலிந்த பச்சைக் காலைக் கண்டதும் தினைத் தாள்தானே தோன்றும்? உவமை அவள் புனத்திலேயே விளைந்தது. அந்தக் குருகோ ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தது. இருந்த ஒரே சாட்சியும் தன் இரையில்தான் கண்ணாக இருந்தது. அவளுடைய திக்கற்ற நிலையைக் கபிலர் வேறு எந்தச் சொல்லாலும் விளக்கவில்லை. உவமை எது, குறிப்புப் பொருள் எது என்று நாம் பிரித்துப் பெயர் வைக்கலாம். பாட்டில் அவை பிரிந்து நிற்கவில்லை.

இப்போது உங்கள் குறியீட்டுக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் கலயம் கீழே விழுந்து உடைகிறது. ‘அவருடைய வாழ்க்கையும் அந்தக் கலயம் போலத்தான்’ என்று நீங்களே அதற்கு உரையும் எழுதிவிடுகிறீர்கள். அதுவரை அந்தக் கலயம் கதையில் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை, உடைவதற்காகவே காத்திருந்தது.

கலயத்துக்கு வேலை இருக்கிறது. உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் அதைப் பாளையில் கட்டுவார்கள். சுண்ணாம்பு சரியாக இருந்தால் வடிவது பதநீர். இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாக மாறத் தொடங்கிவிடும். புளித்த பதநீரை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு இறுகாது, கருப்பட்டி உருவாகாது. உங்கள் கதையில் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அவரை அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த நினைவிலேயே ஒருநாள் சுண்ணாம்பைச் சரியாகத் தடவாமல் கலயத்தைக் கட்டிவிடுகிறார் என்று வையுங்கள். மறுநாள் விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், அவர் மனைவி அடுப்பின் முன் நின்று துழாவுகிறார், துழாவுகிறார், பதம் வரவில்லை. இத்தனை வருடம் கலயம் கட்டிய கை ஏன் தவறியது என்று அந்த அம்மாளுக்குத் தெரியாதா? கடனைப் பற்றி ஒரு வார்த்தைகூட வீட்டில் சொல்லாதவரின் மனம் பாகில் வெளியே வந்துவிடுகிறது. அடுத்த கேள்வி, அந்த அம்மாள் அதைக் கேட்பாரா, கேட்காமல் விறகைத் தள்ளுவாரா என்பது. அந்த இடத்தில் உங்களுக்குக் கதை கிடைக்கிறது. கலயம் உடையவே வேண்டாம். கடன், சுண்ணாம்பு, புளிப்பு, இறுகாத பாகு என்று ஒன்றிலிருந்து ஒன்று நடக்கும்போது கதைப்பின்னலும் குறியீடும் பாத்திரமும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. இதை அந்த அம்மாளின் கண் வழியாகவே எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். உங்கள் கதையில் அவருக்கு அழுவதைத் தவிர வேறு வேலையே இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

முன்குறிப்பு என்று நீங்கள் வைத்திருப்பவை: காகம் கரைகிறது, விளக்கு அணைகிறது, நாய் ஊளையிடுகிறது. மூன்றும் சேர்ந்து, ஆள் விழப்போகிறார் என்று அறிவித்துவிடுகின்றன. முடிவு முன்பே தெரிவது குற்றமன்று. நம் ஊர்க் கோவில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். பாபநாசம் மலைமேல் சொரிமுத்தையனார் கோவிலில் வணங்கப்படும் முத்துப்பட்டன் கதையில், அவன் மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாவான் என்பது கூட்டத்தில் இருக்கும் சிறுவனுக்கும் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். புலவர் கல்யாணத்தை நிதானமாகப் பாடப் பாட, பின்பாட்டுக்காரர் ஒவ்வோர் அடிக்கும் ‘ஆமா’ போடப் போட, கேட்பவர்களுக்கு அந்தக் கல்யாணமே தாங்க முடியாததாகிறது. நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை என்பதிலிருந்து வரும் வலி அது. மதுரைக் கோட்டைக் கொடிகள் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டுவதாகச் சிலப்பதிகாரம் சொல்லும் இடத்திலும் இதே வலிதான். கதை முடிவை அறிந்தவராக நின்று சொல்லும் புலவருக்கு அந்த உரிமை உண்டு. நீங்களோ பனையேறியின் தோளில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே சகுனங்களை மட்டும் புலவர் இடத்திலிருந்து வீசுகிறீர்கள். ஏதாவது ஓர் இடத்தில் நில்லுங்கள்.

அதே முத்துப்பட்டன் கதையில் குறியீட்டுக்கும் பாடம் இருக்கிறது. பிராமணனாகப் பிறந்தவன், பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களை மணப்பதற்காகப் பூணூலை அறுத்தெறிந்து, அவர்கள் குலத் தொழிலான செருப்புத் தைப்பதை ஏற்றுக்கொண்டான். இன்றும், பட்டவராயன் என்ற பெயரில் அவனை வணங்கும் சந்நிதியில் மக்கள் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். செருப்பு தியாகத்தின் அடையாளம் என்று யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. அவன் அதைத் தைத்தான், அது போதும்.

உங்கள் கடிதத்தில் அணிகளின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தீர்கள். தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று வகுத்து, எல்லாவற்றுக்கும் முதலில் வைப்பது தன்மையணியை. ஒரு பொருளின் இயல்பை உள்ளபடி, கேட்பவர் மனம் கொள்ளும்படி சொல்வது அது. சுண்ணாம்பு தடவிய கலயத்தை ஒரே ஒரு வாக்கியத்தில் அப்படி எழுதிப் பாருங்கள். மற்ற முப்பத்துநான்கும் பிறகு வரட்டும். முடிவுத் திருப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடன் கொடுத்த வியாபாரி திடீரெனத் தூரத்து உறவினராவது எனக்கு நம்பிக்கை தரவில்லை. எடுத்துவிடுங்கள்.

நெல்லை வழக்கு தவறே இல்லை, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நீங்கள் எல்லார் வாயிலும் ‘ஏல’, ‘வே’ என்று தூவியிருக்கிறீர்கள். மகன் அப்பாவை ‘வே’ என்று கூப்பிடுகிறான். எந்த வீட்டில் கூப்பிடுவான்? வழக்கு என்பது யார் யாரை எப்படி அழைக்கிறார் என்பதில்தான் முதலில் தெரியும். முதல் பக்கத்தில் ‘அண்ணாச்சி’ என்று அழைத்த வியாபாரி, கெடு தாண்டிய மறுநாள் அதே மனிதரை ‘ஏல’ என்று அழைக்கட்டும். நடுவில் நடந்ததை நீங்கள் விவரிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

கதையைத் திருத்தி எழுதும் முன் பதநீர்ப் பருவத்தில் ஒரு விடிலிக்குப் போய், அடுப்படியில் இருப்பவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள். வீரவநல்லூரிலிருந்து உடன்குடி பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். எழுதியதும் எனக்கே நேராக அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.